சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டைத் தேடிப் போன அமெரிக்கப் பாடகர்

"ஸ்டிமேலா!"

ஜூலு மொழியில் இதற்கு நீராவி ரயில் என்று பொருள். நம் பெரியவர்கள் "புகைவண்டி" என்பார்களே, அதுபோல. ஆனால் தென்னாப்பிரிக்காவில் இது வெறும் வண்டியின் பெயர் அல்ல. வீட்டில் இருந்த ஆண்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி அது.

1886–ம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் பகுதியில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பூமிக்கு அடியில் போய்ப் பாறையை உடைக்க ஆள் வேண்டியிருந்தது. ஜூலு நாட்டில் இருந்தும், லெசோதோ, மொசாம்பிக், மலாவி முதலிய பகுதிகளில் இருந்தும் கறுப்பின இளைஞர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். மனைவி, மக்களை உடன் அழைத்து வரக்கூடாது. ஒப்பந்த காலம் முடிகிற வரை ஊர் முகத்தைப் பார்க்க முடியாது. சுரங்க முதலாளிகள் கட்டிய விடுதிகளில், ஒரே அறையில் பல பேராகப் படுத்து எழ வேண்டும்.

நான் மும்பையில் ரயில்வே குமாஸ்தா. தோளில் ஒரு பையும், அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலமுமாக நாகர்கோவில் எக்ஸ்பிரசில் வந்து இறங்கி, யாரைக் கேட்பது என்று திகைத்து நிற்கிற பையன்களை அன்றாடம் பார்க்கிறவன். ஆகவே அந்த ஸ்டிமேலா எனக்குத் தெரிந்த வண்டி போலவே படுகிறது.

அந்த ரயிலில் போனவர்களின் பாட்டுதான், 1986–ம் ஆண்டு ஓர் அமெரிக்கப் பாடகரின் இசைத்தட்டில் ஏறி உலகம் முழுவதும் ஒலித்தது. பாடகரின் பெயர் பால் சைமன். இசைத்தட்டின் பெயர் "கிரேஸ்லேண்ட்".

என் அக்காள் மகன் சென்ற மாதம் இதைத் தன் கைபேசியில் போட்டான். "மாமா, இது எந்த ஊர் தாளம்னு சொல்லுங்க பாப்போம்" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம் மாதிரி இருக்கிறது என்றேன். பிறகு விசாரித்ததில், நான் சொன்னது ஒன்றும் அபத்தம் இல்லை என்று தெரிந்தது. பிரயாணத் தாளம் போல இருக்கிறது என்றுதான் அந்தப் பாடகரும் நினைத்தாராம்!

எடுபடாத இசைத்தட்டு

பால் சைமன் 1941–ல் பிறந்தவர். நியூயார்க் நகரில் வளர்ந்தவர். பள்ளித் தோழர் ஆர்ட் கார்பங்கலுடன் சேர்ந்து இருவராகப் பாடிப் புகழ் பெற்றார். கிட்டாரை மெல்ல மீட்டி, காதோடு காதாகப் பேசுவது போலப் பாடுவது அவர்கள் பாணி. 1970–ல் இருவரும் பிரிந்தார்கள். அதன் பிறகும் சைமன் தனியாகப் பாடி நன்றாகவே இருந்தார்.

1983–ல் வந்தது சோதனை. அவர் பெரிதும் நம்பி வெளியிட்ட "ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்" என்ற இசைத்தட்டு விலைபோகவில்லை. திருமண வாழ்க்கையும் அதே சமயம் முறிந்தது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. "இவர் காலம் முடிந்தது" என்று பேச ஆரம்பித்தார்கள். இசைத்தட்டுக் கம்பெனியும் இனி இவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பதை விட்டுவிட்டது. அதுவே ஒருவகையில் நல்லதாகப் போயிற்று என்பது என் எண்ணம். மேற்பார்வை இல்லாத ஷிப்டில்தான் சிலருக்குப் புது யோசனை வரும்!

1984–ல் அறிமுகமான இசைக்கலைஞர் ஒருவர் அவருக்கு ஒரு கேசட்டைக் கொடுத்தார். தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் குழுக்களின் இசை அடங்கிய கேசட். அதைக் காரில் போட்டுக்கொண்டு போனார். மறுநாளும் அதையே போட்டார். வாரக்கணக்கில் வேறு எதையும் கேட்கவில்லை. யார் வாசிக்கிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. அந்த இசைக்கு மேலே வாய்க்கு வந்ததை முணுமுணுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

கேசட்டின் பெயர் "கம்பூட்ஸ்". முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்சுக்கு அங்கே அதுதான் பெயர். சுரங்கத்துக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும். அதை வெளியேற்றுவதை விட ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுப்பது முதலாளிக்கு மலிவு. உள்ளே பேசத் தடை என்பதால் தொழிலாளர்கள் பூட்சைக் கையால் தட்டியே சங்கேதம் பேசிக்கொண்டார்கள் என்றும், அந்தத் தட்டலே பிறகு ஆட்டமாக மாறிற்று என்றும் சொல்வார்கள். வாரக் கடைசியில் விடுதி முற்றத்தில் அந்த ஆட்டம் நடக்கும்.

ஓசைப்படாமல் ஆடு!

இன்னொரு ஆட்டம் உண்டு. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம்.

ஜூலு இளைஞர்கள் ஊரில் திருமணங்களில் தரையை ஓங்கி மிதித்து ஆடுகிறவர்கள். நகரத்து விடுதியில் அப்படி மிதித்தால் காவலாளி வந்துவிடுவான். ஆகவே பூனை போல நுனிக்காலில் ஆடினார்கள். குரலையும் தணித்தார்கள். வாத்தியம் கிடையாது. பத்துப் பேர் நின்றால் பத்தும் குரல்தான். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் அடிக்குரலில் தாங்கிப் பிடிப்பார்கள். இந்தப் பாட்டுக்கு "இசிகதமியா" என்று பெயர். பதுங்கி நடப்பது என்ற பொருளில் வந்த சொல்.

சனிக்கிழமை இரவு முழுவதும் விடுதிக்கு விடுதி போட்டி நடக்கும். இன்ன ஊர்க்காரர்கள், இன்ன மாவட்டத்துக்காரர்கள் என்று கோஷ்டி கோஷ்டியாக வருவார்கள். எந்த ஊர்க்காரன் நீதிபதியாக இருந்தாலும் சொந்த ஊருக்குப் பரிசு கொடுத்துவிடுவான் என்று சந்தேகம்! ஆகவே தெருவில் போகிற ஒரு வெள்ளைக்காரரைப் பிடித்து வந்து நீதிபதியாக உட்கார வைப்பது உண்டு. மொழியும் தெரியாத, பாட்டும் தெரியாத மனிதர். பாரபட்சம் இல்லை அல்லவா? வென்ற கோஷ்டிக்கு ஓர் ஆடு பரிசு.

இந்தப் பாட்டுக்காரர்களுக்கு ஏமாந்த அனுபவமும் உண்டு. சாலமன் லிண்டா என்பவர் இப்படி நகரத்துக்குப் பிழைக்க வந்தவர். 1939–ல் ஜோகன்னஸ்பர்க்கில் "ம்பூபே" என்ற பாட்டை இசைத்தட்டில் பாடினார். ம்பூபே என்றால் சிங்கம். அந்தப் பாட்டே பிற்காலத்தில் ஆங்கிலத்தில் சிங்கம் தூங்கும் பாட்டாகி அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது. லிண்டாவுக்குக் கிடைத்தது 10 ஷில்லிங்! 1962–ல் ஏழையாகவே இறந்தார். வழக்குப் போட்டு, 2006–ல்தான் அவருடைய குடும்பத்துக்கு ஒரு சமரசத் தொகை கிடைத்தது.

ஆகவே, "அமெரிக்காவில் இருந்து ஒரு பாடகர் வருகிறார், நம் இசையில் பாட ஆசைப்படுகிறார்" என்ற செய்தி வந்தபோது, அங்கிருந்த கறுப்பின இசைக்கலைஞர்கள் யோசித்ததில் வியப்பு இல்லை. சங்கத்தில் கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு, வரட்டும் என்று முடிவு செய்தார்கள்.

இரண்டு வாரம்

1985 பிப்ரவரியில் சைமன் ஜோகன்னஸ்பர்க் போய் இறங்கினார். கூடப் போனவர் அவருடைய ஒலிப்பதிவாளர் ராய் ஹாலி. இரண்டு வாரம் போல ஒலிப்பதிவு நடந்தது.

சம்பள விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வாசகர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அப்போது ஜோகன்னஸ்பர்க்கில் இசைக்கலைஞர்களுக்கு நாள் ஒன்றுக்கு 15 டாலர் அளவில்தான் கூலி. சைமன் மணிக்கு 196 டாலர் கொடுத்தார். நியூயார்க்கில் முதல்தரக் கலைஞர்கள் வாங்குவதைப் போல மூன்று மடங்கு. மெட்டில் பங்கு உள்ளவர்களின் பெயரைப் பாட்டின் ஆசிரியர்களாகத் தன் பெயருடன் சேர்த்துப் போட்டார். லிண்டாவின் கதை இங்கே திரும்ப நடக்கவில்லை. ஆனால் அமெரிக்காவிலேயே ஒரு குழுவினர், "எங்கள் மெட்டுக்கு எங்கள் பெயர் இல்லை" என்று பின்னாளில் புகார் சொன்னார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

வாசித்தவர்கள் யார் யார்? கிட்டார், ரே பிரி. அவருடைய குழுவின் பெயரே "ஸ்டிமேலா"தான்! தாழ்சுரக் கிட்டார், பகிதி குமலோ. அப்போது மோட்டார் மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். லெசோதோவில் இருந்து வந்த பொரேரே மொட்லோஹெலோவா என்பவர் அக்கார்டியன் வாசித்தார். நம் ஆர்மோனியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டது போல இருக்கும் வாத்தியம். இசைத்தட்டு அந்தச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது.

பொழுது சாயத் தொடங்கினால் ஸ்டூடியோவில் பதற்றம் தொற்றிக்கொள்ளும். கறுப்பினத்தவர் இருட்டிய பிறகு அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத் தெருவில் நடமாட முடியாத காலம் அது. பாட்டு பாதியில் நின்றாலும் வீடு போய்ச் சேருவதைப் பற்றி யோசித்தாக வேண்டும்.

மெட்டுக்குப் பாட்டு

சைமன் செய்த துணிச்சலான மாறுதல் எது என்று கேட்டால், ஆப்பிரிக்கத் தாளத்தை எடுத்துக்கொண்டது மட்டும் அல்ல. அதுவரை அவர் கிட்டாரும் கையுமாக உட்கார்ந்து, சொல்லையும் மெட்டையும் சேர்த்தே கட்டி, பிறகே மற்ற வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறவர். இந்த முறை எல்லாம் தலைகீழ். முதலில் வாத்தியக்காரர்கள் தங்கள் இஷ்டப்படி வாசித்தார்கள். அது ஒலிநாடாவில் பதிவாயிற்று. அந்த நாடாக்களை நியூயார்க்குக்கு எடுத்துப் போய், வெட்டி ஒட்டி ஒழுங்கு செய்து, மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு, அதற்கு மேலே சொல் எழுதினார்.

நம் சினிமாவில் இது அன்றாட விஷயம். மெட்டைக் கொடுத்து "தத்தகாரத்துக்கு வார்த்தை போடுங்கள்" என்பார்கள். ஆனால் பாட்டுக்கு மெட்டு என்றே இருபது வருஷத்துக்கு மேல் பழகிவிட்ட ஒருவர், மெட்டுக்குப் பாட்டு என்று மாறுவது லேசான காரியம் அல்ல. அதுவும் அந்த மெட்டு அவர் பிறந்து வளர்ந்த மெட்டே அல்ல!

"கிரேஸ்லேண்ட்" என்ற பெயர் வந்த விதமும் அப்படித்தான். அது பாடகர் எல்விஸ் பிரஸ்லியின் மாளிகை. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் இருக்கிறது. அதற்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மெட்டை முணுமுணுக்கும்போது அந்தச் சொல் வாயில் வந்து விழுந்தது. நல்ல சொல் கிடைத்ததும் மாற்றிவிடலாம் என்று பார்த்தார். அது போகமாட்டேன் என்றது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று அந்த ஊருக்கே பயணம் போனார். அந்தப் பயணமே பாட்டாயிற்று.

குமலோவின் வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். "யூ கேன் கால் மி ஆல்" என்ற பாட்டின் கடைசிப் பகுதியில் அவர் தனியாக ஒரு வாசிப்பு வாசிப்பார். காது கூசும் வேகம். எப்படி வாசித்தார் என்று பலரும் திகைத்தார்கள். உண்மையில் பாதிதான் அவர் வாசித்தது. மறுபாதி, அதே நாடாவைத் தலைகீழாக ஓட விட்டது! விகடகவி என்ற சொல்லைப் போல, முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் ஒன்றுதான்.

லேடிஸ்மித் ஊர்க்காரர்கள்

நேட்டால் மாகாணத்தில் லேடிஸ்மித் என்று ஓர் ஊர். ரயில் சந்திப்பு உள்ள ஊர். 1860 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிப் போன நம்மவர்கள் கரும்புத் தோட்டத்திலும், ரயில் பாதையிலும் உழைத்தது அந்த நேட்டாலில்தான். போயர் யுத்தத்தில் காந்தியடிகளின் இந்திய ஆம்புலன்ஸ் படை காயம்பட்டவர்களைச் சுமந்ததும் அந்த ஊரை மீட்க நடந்த சண்டைகளில்தான்.

அவ்வூர்ப் பக்கம் வெள்ளைக்காரர் பண்ணை ஒன்றில் பிறந்தவர் ஜோசப் ஷபலாலா. பண்ணைக் கூலியின் பிள்ளை. டர்பன் நகரத்துக்கு ஆலை வேலைக்குப் போனார். 1964–ல் மாதக்கணக்கில் ஒரே மாதிரி கனவு வந்ததாம். குழந்தைகள் கூடிப் பாடுவது போல. அந்த ஒலியைத் தன் கோஷ்டிக்குக் கற்றுக் கொடுத்தார். கோஷ்டிக்கு "லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ" என்று பெயர். முதல் சொல் ஊர். இரண்டாவது, கலப்பையில் கட்டும் கறுப்பு எருதைக் குறிப்பது. மூன்றாவது, கோடரி. போட்டிக்கு வந்தவர்களை எல்லாம் வெட்டிச் சாய்க்கும் கோடரி!

சைமன் இவர்களை லண்டனுக்கு வரவழைத்தார். வீடற்றவர்களைப் பற்றிய ஒரு பாட்டு. சைமன் ஆங்கிலத்தில் தொடங்கியதை ஷபலாலா ஜூலுத் திருமணப் பாட்டு ஒன்றின் மெட்டில் வளர்த்தெடுத்தார். முதல் நாள் சரியாக அமையவில்லை. தங்கியிருந்த இடத்துக்குப் போய் ஒத்திகை பார்த்துவிட்டு மறுநாள் வந்து பாடினார்கள். அமைந்துவிட்டது. "ஹோம்லெஸ்" என்ற அந்தப் பாட்டில் ஒரு வாத்தியமும் இல்லை. அக்காள் மகன் போட்ட பாட்டுகளில் நான் இரண்டாம் முறை கேட்டது இது ஒன்றுதான்.

இசைத்தட்டு 1986 ஆகஸ்டில் வெளிவந்தது. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. 1987–ல் அந்த ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி பரிசும் கிடைத்தது.

யாரைக் கேட்டுப் போனீர்கள்?

ஆனால் வாழ்த்தோடு வசவும் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தார். 1980 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, எந்த நாட்டுக் கலைஞரும் அங்கே போகக்கூடாது என்று பகிஷ்காரத் தீர்மானம் செய்திருந்தது. போராட்டத்தை நடத்தி வந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும் அதையே வற்புறுத்தியது. "போவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசு" என்று பாடகர் ஹாரி பெலபான்டே சைமனிடம் சொல்லியிருந்தார். சைமன் பேசவில்லை. பாட்டுப் பாட ஓர் அரசியல் கட்சியிடம் அனுமதி கேட்பதா என்பது அவர் நினைப்பு.

1987 ஜனவரியில் அமெரிக்காவில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள் அவரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார்கள். ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் பாடியபோது வாசலில் ஆர்ப்பாட்டம். நிறவெறியைப் பற்றி இசைத்தட்டில் ஒரு வரிகூட நேராக இல்லையே என்றும் கேட்டார்கள்.

இதில் நான் எந்தப் பக்கம்? 1974 மே மாதம் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றி எங்கள் ஆபீஸ் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். வேலை போனவர்கள், குடியிருப்பைக் காலி செய்ய வைக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த இருபது நாளில், "நான் யாருக்கும் விரோதம் இல்லை, என் சொந்தக் காரியமாக உள்ளே போனேன்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் யாராவது ஒப்புக்கொண்டிருப்பார்களா? கூடி எடுத்த முடிவை நல்லெண்ணத்தால் மீறினாலும் மீறல்தான். சைமன் கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். இது என் கட்சி.

ஆனால் ரே பிரி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நிறவெறியால் ஏற்கெனவே அடிபட்டவர்கள் நாங்கள். பகிஷ்காரத்தின் பெயரால் எங்களையே மறுபடியும் தண்டிப்பதா என்று அவர் வாதாடினார். மெக்கானிக் குமலோவுக்கும், பண்ணைக் கூலியின் மகன் ஷபலாலாவுக்கும் உலகத்தின் கதவு திறந்தது இந்த மீறலால்தான். 1988–ல் ஷபலாலா குழுவின் சொந்த இசைத்தட்டுக்கே கிராமி பரிசு கிடைத்தது. 1993–ல் நோபல் சமாதானப் பரிசு பெற மண்டேலா நார்வே சென்றபோது இந்தக் குழுவும் உடன் சென்று பாடியது. ஷபலாலா 2020 பிப்ரவரியில் காலமானார். ரே பிரி அதற்கு முன்பே, 2017–ல் போய்விட்டார்.

பகிஷ்காரம் முடிந்த பிறகு, 1992 ஜனவரியில் சைமன் ஜோகன்னஸ்பர்க்கில் பாடினார். மண்டேலாவே வரவேற்றார். அப்போதும் கோபம் தணியாத சிலர் இருந்தார்கள். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களின் அலுவலகத்தில் குண்டு வெடித்தது.

ஹராரே மைதானத்தில்

அதற்கெல்லாம் முன்பு, 1987 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் பாட வழி இல்லை. ஆகவே பக்கத்து நாடான ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில், திறந்தவெளி மைதானத்தில் நிகழ்ச்சி வைத்தார்கள். சைமனுடன் மேடையேறியவர்கள் சாமானியர்கள் அல்ல. பாடகி மிரியம் மகேபாவும், எக்காள வித்வான் ஹியூ மசகேலாவும் நிறவெறி அரசால் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் ஏறக்குறைய முப்பது வருஷமாக வெளிநாடுகளில் அலைந்துகொண்டிருந்தவர்கள். சொந்த மண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் வர முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வந்து நின்று பாடினார்கள்.

அன்று மசகேலா பாடியவற்றில் ஒன்று, அவருடைய சொந்தப் பாட்டு. சைமனுடையது அல்ல. அதன் பெயர் "ஸ்டிமேலா". சுற்றியுள்ள நாடுகளில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்கு வரும் நிலக்கரி ரயிலைப் பற்றியது. நடுவில் எக்காளத்தை ஒதுக்கிவிட்டு, வெறும் வாயாலேயே என்ஜின் மூச்சு விடுவதையும், விசில் அடிப்பதையும் செய்து காட்டுவார். அந்த நிகழ்ச்சியின் படப்பதிவு இன்றும் கிடைக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் சத்தம் கேட்டதும், தூங்கிக்கொண்டிருந்த என் அப்பா எழுந்து, "எந்த வண்டிப்பா?" என்று கேட்டார்.